படிக்க முடியாத எழுத்துகளின் முன்னால்: சோழமண்டல அருங்காட்சியகம் பற்றி ஒரு விவாதம்

மெய்ப்புக்காரர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை, ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகளை அழைத்துக்கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டல ஓவியர் கிராமத்துக்குச் சென்று, அங்கே 2009-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மெட்ராஸ் கலை இயக்க அருங்காட்சியகத்தை, அதாவது சென்னைக் கலைக் கல்லூரியைச் சுற்றி உருவான நவீன ஓவியர்கள், சிற்பிகளின் படைப்புகள் உள்ள கூடத்தை, பார்த்துவிட்டு வந்தேன். மாமல்லபுரத்துக்குப் போகும்போதெல்லாம் அந்த வாயிலைப் பேருந்தின் சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேனே தவிர, இறங்கி உள்ளே போக வேண்டும் என்று ஒருமுறையும் தோன்றியதில்லை. இம்முறை இறங்கியதற்கும் கலை ஆர்வம் காரணமன்று. மகளுக்குப் பள்ளியில் ஏதோ ஓர் ஒப்படைப்பு.

நான் ஓவியம் கற்றவனல்லன். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துப் பிழைப்பவன். சுவரொட்டியானாலும் மளிகைக் கடைப் பலகையானாலும், எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், ஒற்று விடுபட்டிருக்கிறதா என்று பார்க்காமல் என் கண் அதைக் கடந்து போவதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது கீழே விளங்கும்.

சிற்பங்கள் என்னைச் சிரமப்படுத்தவில்லை. பி. வி. ஜானகிராமின் உலோகச் சிற்பங்கள் முன்புறம் மட்டுமே கொண்டவையாக, தகட்டை அடித்து எழுப்பிய முகங்களோடு நின்றபோது, மூலவருக்குச் சாத்தும் கவசத்தைத் தனியே கழற்றிச் சுவரோரம் வைத்ததைப் போல இருந்தது. மகளும் அதையே சொன்னாள். கே. ராமானுஜத்தின் மைக்கோட்டுச் சித்திரங்களில் மாளிகைகளும் விலங்குகளும் தொப்பி அணிந்த ஒரு சிறிய மனிதரும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, அவள் அந்த இடத்தை விட்டு வர மறுத்தாள்.

சிக்கல் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரிடம் தொடங்கியது. 'சொற்களும் குறியீடுகளும்' என்று அழைக்கப்படும் வரிசையைச் சேர்ந்த ஓவியம் அது. கட்டங்கள், வட்டங்கள், சிறு உருவங்கள், அவற்றுக்கு இடையே வரிவரியாக எழுத்துகள். "அப்பா, இது என்ன மொழி?" என்று மகள் கேட்டாள். மலையாளம் போலத் தெரிந்ததால் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் பார்த்தேன். ஒரு சொல்லும் தேறவில்லை. பத்து நிமிடம் முயன்ற பிறகுதான், படிப்பதற்கென்று அங்கே எதுவுமே எழுதப்படவில்லை என்பது உறைத்தது. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை ஒருங்குறிக்கு மாற்றாமல் திறந்தால் பக்கம் முழுதும் குப்பையாகக் கொட்டுமே, எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. என் மேசைக்கு அப்படி ஒரு பக்கம் வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

உண்மையைச் சொன்னால், ஏமாற்றப்பட்டதைப் போன்ற ஒரு கோபம் வந்தது. ஓவியத்தில் முகம் கோணலாக இருப்பதை என்னால் ஏற்க முடிகிறது. பொருளில்லாத எழுத்தை ஏற்க முடியவில்லை. எழுத்து என்று எழுதிவிட்டுப் பொருளைத் தராமல் இருப்பது நியாயம்தானா? அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

கல்வெட்டுப்பித்தர் எழுதியது:

மெய்ப்புக்காரர் ஐயா அவர்களுக்கு, நீங்கள் தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சென்றிருப்பீர்கள். அதிட்டானத்தை, அதாவது கோயிலின் அடிப்பீடத்தை, சுற்றிலும் கல்லில் வெட்டப்பட்டிருக்கும் வரிகளை, அங்கே வருபவர்களில் நூற்றில் ஒருவராவது படிக்கிறார்களா? ராசராசன் தான் கொடுத்தவற்றையும், தன் அக்கன் கொடுத்தவற்றையும், பெண்டுகள் கொடுத்தவற்றையும் வெட்டச் சொன்ன செய்தி அங்கே இருக்கிறது. கோயிலில் ஆடிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் இருக்கிறது. ஆயினும் இந்தச் சுவர்கள் அறிஞர்களால் 19-ஆம் நூற்றாண்டில் படிக்கப்படும் வரை, கரிகாலன் கட்டினான் என்றும், கிருமிகண்ட சோழன் தன் நோய் தீரக் கட்டினான் என்றும் கதைகள் உலவின. கட்டியவன் பெயர் சுவரெல்லாம் எழுதியிருக்க, அந்தச் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எத்தனையோ தலைமுறைகள் அதைப் படிக்காமலே சென்றிருக்கின்றன.

அவர்களில் எவரும் தாம் ஏமாற்றப்பட்டதாக எண்ணியிருக்க மாட்டார்கள். பழைய எழுத்துமுறைகளான வட்டெழுத்தையோ கிரந்தத்தையோ இன்று நாம் காணும்போதும் நம் நிலை அதுவே. படிக்கத் தெரியாத எழுத்தின் முன் மரியாதையோடு நிற்பது நமக்குப் பழகிய செயல்தான். அருங்காட்சியகச் சுவரில் அதே எழுத்தைக் கண்டால் மட்டும் ஏன் கோபம் வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

மெய்ப்புக்காரர் எழுதியது:

உங்கள் உவமை அழகாக இருக்கிறது. ஆனால் அது எனக்குச் சாதகமானது. எனக்கு வட்டெழுத்து தெரியாவிட்டாலும், தெரிந்த ஒருவர் வந்தால் அந்தக் கல் பேசும் என்ற உறுதியோடுதான் நான் அதன் முன் நிற்கிறேன். அந்தப் படிக்காத தலைமுறைகளும், இதில் ஏதோ எழுதியிருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் தொட்டு வணங்கியிருப்பார்கள். பணிக்கரின் எழுத்தை எவர் வந்தாலும் படிக்க முடியாது என்பதே என் முறையீடு. பூட்டு ஒன்றுதான், அங்கே எங்கோ ஒரு சாவி இருக்கிறது, இங்கே சாவியே செய்யப்படவில்லை.

எல்லையூரான் எழுதியது:

நான் பாலக்காட்டை ஒட்டிய ஊரைச் சேர்ந்தவன். தமிழும் மலையாளமும் ஒரே வயதில் கற்றவன். திருவனந்தபுரத்தில் அருங்காட்சியக வளாகத்திலேயே பணிக்கருக்கென்று தனிக்கூடம் உள்ளது; அதில் இந்த வரிசை ஓவியங்களை நெருங்கி நின்று பார்த்திருக்கிறேன். சில இடங்களில் ஒரு 'ക'வோ 'ന'வோ இருப்பதாகத் தோன்றும். அடுத்த எழுத்துக்குக் கண் போவதற்குள் அது ஒரு சுழியாகவோ கொம்பாகவோ மாறிவிடும். மலையாளிக்கும் அதில் சலுகை இல்லை என்பதை உறுதியாகச் சொல்லலாம்.

பழைய மாணவர் எழுதியது:

எழுபதுகளின் பிற்பகுதியில் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தவன் என்ற முறையில் சற்று விரிவாக எழுத அனுமதி வேண்டுகிறேன். பணிக்கரை ஆசிரியராகப் பெறும் வாய்ப்பு எனக்கு இல்லை. 1957-இல் அந்தக் கல்லூரியின் முதல்வரான அவர் அறுபதுகளிலேயே ஓய்வு பெற்றுவிட்டார், 1977-இல் மறைந்தும் விட்டார். ஆயினும் அவரிடம் பயின்றவர்களிடம் பயின்றவன் நான்.

அந்தக் கல்லூரி 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவரால் தொடங்கப்பட்டது. கைவினைஞர்களுக்குத் தொழில் கற்றுத் தருவதே நெடுங்காலம் அதன் முதன்மை நோக்கமாக இருந்தது. பணிக்கருக்கு முன் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்தவர். தசையும் நரம்பும் புடைக்க, உடலை உடலாகவே வார்க்கும் ஆற்றல் கொண்டவர். அவரிடம் கற்ற மாணவர்களுக்கு உருவத்தை உள்ளபடி வரையும் கை வாய்த்திருந்தது; பணிக்கருடைய இளவயது நீர்வண்ண நிலக்காட்சிகளைப் பார்த்தவர்கள், 'இவருக்கு வரையத் தெரியாததால்தான் கிறுக்கினார்' என்று சொல்ல மாட்டார்கள்.

அவர்கள் முன் இருந்த கேள்வி வேறு. ஐரோப்பிய நவீன ஓவியத்தைக் கற்றுக்கொண்டோம். அதே பாதையில் போனால் பாரிசின் பின்வரிசையில் உட்கார வேண்டும். அஜந்தாவையும் சிற்றோவியங்களையும் பின்பற்றினால் பழைமையின் நகலாகிவிடுவோம். இரண்டும் இல்லாமல், இந்த மண்ணில் வளர்ந்த கை இயல்பாக என்ன செய்யும்? சென்னைக்காரர்கள் கண்டடைந்த விடை கோடு. கோயில் சிற்பத்தின் விளிம்பு, வாசலில் இடும் கோலம், ஓலையில் எழுத்தாணி கீறும் தடம் என்று இங்கே எல்லாமே கோட்டில்தான் நடக்கிறது. ஏ. பி. சந்தானராஜ், எல். முனுசாமி, ஆதிமூலம் ஆகியோரை ஒரே கூடத்தில் வைத்துப் பார்த்தால், அவர்களுக்குள் எத்தனை வேறுபாடுகள் இருந்தாலும், நிறத்தைக் காட்டிலும் கோட்டையே நம்பியவர்கள் என்பது தெரியும்.

பணிக்கர் 1963 வாக்கில் எழுத்துக்கு வந்ததை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். கோட்டைத் தேடிப் போனவர், நம் வாழ்வில் கோடு அன்றாடம் எங்கே புழங்குகிறது என்று பார்த்தால் எங்கே போய் நிற்பார்? ஜாதகக் கட்டத்தில், யந்திரத் தகட்டில், பஞ்சாங்கத்தின் அட்டவணையில், கணக்கு நோட்டில். இவையெல்லாம் எழுத்தும் படமும் இன்னும் பாகம் பிரித்துக்கொள்ளாத குடும்பங்கள். ஜாதகக் கட்டத்தை நீங்கள் படிக்கிறீர்களா, பார்க்கிறீர்களா? அதே காலத்தில் ஜே. சுல்தான் அலியும் தம் காளைகளையும் நாட்டார் தெய்வங்களையும் சுற்றி எழுத்துப் போன்ற வரிகளை நிரப்பினார். ஒருவருடைய தனிக் கிறுக்கு என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

இனி, பொருள் ஏன் இல்லை என்ற கேள்வி. அந்த இடத்தில் உண்மையாகவே ஒரு குறளையோ வேத மந்திரத்தையோ எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும்? நீங்கள் அதைப் படித்து முடித்த கணமே ஓவியம் முடிந்திருக்கும். பொருளை எடுத்துக்கொண்டு கண் போய்விடும். கோடு அனாதையாக நிற்கும். கண்ணை அங்கேயே நிறுத்துவதற்காக அவர் பொருளை எடுத்துவிட்டார் என்று நான் புரிந்துகொள்கிறேன். நீங்கள் ஒரே படத்தின் முன் பத்து நிமிடம் நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். மற்றப் படங்களின் முன் எத்தனை நிமிடம் நின்றீர்கள்?

ஒரு துணைச் செய்தி: ஓவியராவதற்கு முன் பணிக்கர் தந்தி இலாகாவில் வேலை பார்த்தவர். புள்ளியும் கோடுமாக வருவதைச் சொல்லாக மாற்றும் அலுவலகத்தில் இளமையைக் கழித்தவர், பின்னாளில் சொல்லைப் புள்ளியும் கோடுமாக மாற்றினார் என்று எண்ணி நான் தனியே சிரித்துக்கொள்வதுண்டு. இதற்கு ஆதாரம் எதுவும் இல்லை, ஊகமாகவே கொள்ளவும்.

கணக்கன் எழுதியது:

பழைய மாணவர் அவர்கள் நன்றாக எழுதுகிறார். நன்றாக எழுதுகிறவர்கள் எதை வேண்டுமானாலும் நியாயப்படுத்திவிட முடியும் என்பதே என் அச்சம். விளக்கம் இல்லாமல் நிற்க முடியாத படத்தைப் படம் என்று ஏன் சொல்ல வேண்டும்? மேலும், புரியாத ஒன்றுக்கு விலை மட்டும் ஏறுவதைப் பார்க்கும்போது, புரியாமையே இங்கே சரக்காக விற்கப்படுகிறதோ என்ற ஐயம் ஒரு சாதாரண மனிதனுக்கு எழுவது இயல்பு.

லண்டன்வாசி எழுதியது:

கணக்கன் ஐயாவின் ஐயம் இங்கும் பழையதுதான். கார்ல் ஆந்த்ரே 1966-இல் 120 சுடுசெங்கற்களை இரண்டு அடுக்காக நீள்சதுரத்தில் பரப்பிவைத்த படைப்பை இங்குள்ள டேட் கலைக்கூடம் 1972-இல் வாங்கியது; நான்கு ஆண்டுகள் கழித்துச் செய்தித்தாள்கள் அதைக் கண்டுபிடித்து, மக்கள் பணத்தில் செங்கல் வாங்கினார்கள் என்று ஊரையே கூட்டின. அதை நான் நேரில் பார்த்தபோது எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செங்கல் எவரிடமும் எதையும் சொல்வதாக வாக்களிக்கவில்லை, எழுத்து வாக்களிக்கிறது. அந்த வகையில் மெய்ப்புக்காரரின் கோபம் செங்கல் கோபத்தைவிட நுட்பமானது என்று நினைக்கிறேன்.

பழைய மாணவர் எழுதியது:

கணக்கன் அவர்களின் விலை பற்றிய ஐயத்துக்கு மட்டும் மறுமொழி. இன்றைய ஏல விலைகளை வைத்து அன்றைய நோக்கத்தை அளக்க வேண்டாம். ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாது என்பது தெரிந்ததால்தான், பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து பாத்திக் துணிகளும் வேறு கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அதில் கிடைத்த வருவாயைக் கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல்நிலத்தை வாங்கி, 1966-இல் அந்தக் கிராமத்தை உருவாக்கினார்கள். மெழுகும் சாயமும் கொண்டு துணியில் வேலை செய்து சோற்றுக்கு வழி செய்துகொண்டால், ஓவியத்தில் எவருக்கும் தலையாட்ட வேண்டியதில்லை என்பதே அவர்கள் போட்ட கணக்கு. வாங்குபவரை மயக்குவதுதான் எண்ணமென்றால் மயிலையும் ராதையையும் வரைந்திருப்பார்கள். அதற்குக் கை இருந்தது, சந்தையும் இருந்தது.

கணக்கன் எழுதியது:

பாத்திக் செய்தியை நான் அறிந்திருக்கவில்லை. சரக்கு என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். விளக்கம் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை.

சிற்றிதழ் வாசகி எழுதியது:

இந்த விவாதத்தில் தமிழ் வாசகர்கள் ஒன்றை மறந்துவிட்டதாகத் தோன்றுகிறது. மெட்ராஸ் கலை இயக்கத்தைப் பார்க்க நாம் ஈஞ்சம்பாக்கம் வரை போக வேண்டியிருக்கவில்லை. அது பல ஆண்டுகளாக நம் வீட்டுப் புத்தக அலமாரிக்கு வந்துகொண்டுதான் இருந்தது. 1969-இல் காந்தி நூற்றாண்டையொட்டி நூறு காந்தி கோட்டோவியங்களை வரைந்த கே. எம். ஆதிமூலம், எத்தனையோ சிற்றிதழ்களுக்கும் நூல் அட்டைகளுக்கும் தலைப்பெழுத்துகளைக் கையால் எழுதித் தந்தவர். ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணன் எழுதிய கரிசல் தொடருக்கு அவர் வரைந்த கோடுகளைப் பார்த்தே வளர்ந்த தலைமுறை எங்களுடையது.

அந்தத் தலைப்பெழுத்துகளை நினைத்துப் பாருங்கள். ஒரு 'ழ'வின் கால் தரைக்குக் கீழே இழுத்துக்கொண்டு போகும். ஒரு 'ண'வின் சுழிகள் மாட்டின் திமிலைப் போலப் புடைத்து நிற்கும். படிக்கவும் முடியும், பார்க்கவும் முடியும். மெய்ப்புக்காரர் அவர்கள் தம் பணியில் இத்தகைய அட்டைகளைக் கையாண்டிருப்பார் என்பதால் கேட்கிறேன்: அந்த எழுத்துகளின் வளைவைச் சரியில்லை என்று என்றாவது திருத்தியிருக்கிறீர்களா? திருத்தியிருக்காவிட்டால், பணிக்கர் நின்ற இடத்துக்குப் பாதி வழி நீங்கள் ஏற்கெனவே நடந்துவிட்டீர்கள்.

மெய்ப்புக்காரர் எழுதியது:

இல்லை, அம்மா, அட்டைத் தலைப்பில் நான் கைவைத்ததில்லை. ஒருமுறை ஓர் அட்டையில் மெய்யெழுத்தின் மேல் புள்ளி, வேண்டுமென்றே போலப் பக்கவாட்டில் தள்ளி விழுந்திருந்தது. சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டு, பிறகு வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன் என்று அன்று யோசிக்கவில்லை.

சவுக்குத்தோப்பு எழுதியது:

நான் இதுபோன்ற விவாதங்களில் எழுதுபவள் அல்லள், படிப்பதோடு சரி. பழைய மாணவர் ஐயா ஜாதகக் கட்டத்தைப் பற்றி எழுதியதால் எழுதுகிறேன்.

என் கணவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் வீட்டை ஒழித்தபோது, அவருடைய ஜாதகம் எழுதிய நோட்டுப் புத்தகம் பீரோவின் அடியில் கிடைத்தது. ஓரங்களில் மஞ்சள் பூசி, பழுப்பேறி, நான்கு பக்கங்கள். ராசிக் கட்டம், நவாம்சக் கட்டம், அவற்றின் கீழே ஜோசியர் தம் அவசரக் கையெழுத்தில் எழுதிய வரிகள். எனக்கு அதில் 'சுக்' என்ற இரண்டு எழுத்தைத் தவிர எதுவும் புரியவில்லை. எழுதிய ஜோசியர் எப்போதோ காலமாகிவிட்டார். இன்னொருவரிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லவும் மனம் வரவில்லை, இனிமேல் அதில் படித்துத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? ஆனால் அதைத் தூக்கிப் போடவும் முடியவில்லை. இரவில் சில சமயம் எடுத்து விரித்து வைத்துக்கொண்டு, அந்தக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் பேத்தி அழைத்துப் போனதால் சோழமண்டலம் போனேன். நீங்கள் சொல்லும் அந்தப் படத்தைப் பார்த்தேன். யார் வரைந்தது, என்ன பெயர் என்று அப்போது தெரியாது. இந்த இழையில்தான் தெரிந்துகொண்டேன். எனக்குக் கோபம் வரவில்லை. அந்த நோட்டைச் சுவரில் மாட்டியது போல இருந்தது. பேத்தி "என்ன பாட்டி பார்க்கிறாய்?" என்று கேட்டாள், "ஒன்றுமில்லை, கால் வலிக்கிறது" என்று சொன்னேன்.

கல்வெட்டுப்பித்தர் எழுதியது:

நான் கல்வெட்டை எடுத்துக்காட்டியபோது சொல்ல நினைத்ததும் சொல்லத் தெரியாததும் இந்த அம்மையாரின் மடலில் இருக்கிறது. மெய்ப்புக்காரர் ஐயா, அந்த நோட்டுக்குச் சாவி இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர் அந்தச் சாவியை வேண்டாம் என்கிறார்.

மெய்ப்புக்காரர் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நேற்று விடுப்பு எடுத்துக்கொண்டு மகளுடன் மீண்டும் போனேன். வேலை நாள் என்பதால் கூடத்தில் எங்களைத் தவிர அதிகம் பேர் இல்லை.

இம்முறை படிக்க முயலக் கூடாது என்று முடிவுசெய்துகொண்டு போனேன். அது முடிகிற காரியமாக இல்லை. கண் இடமிருந்து வலமாகத்தான் ஓடுகிறது, வரி முடிந்ததும் அடுத்த வரிக்குத்தான் இறங்குகிறது. ஆனால் மூன்றாவது நான்காவது வரியில் ஒன்றைக் கவனித்தேன். எழுதுகிற கை சில இடங்களில் வேகமெடுத்து எழுத்துகளைச் சாய்த்துவிடுகிறது. சில இடங்களில் இடம் போதாமல் நெருக்குகிறது. கட்டத்தின் ஓரம் வந்ததும் சுருங்குகிறது. கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்தே வயதானவன் என்பதால், எழுதியவர் எங்கே களைத்தார், எங்கே உற்சாகமானார் என்பது எனக்குத் தெரியும். அது இங்கும் தெரிந்தது. சொல் ஒன்றுகூட இல்லாமல், எழுதிய மனிதரின் மூச்சு மட்டும் இருக்கிற ஒரு பிரதியை நான் அதுவரை பார்த்ததில்லை.

இதனால் என் முறையீடு தீர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். எழுத்தைப் படிக்க முடியாதபடி எழுதுவதில் ஒரு வன்முறை இருப்பதாகவே இன்னும் நினைக்கிறேன். குறிப்பாக எழுதப் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்த தாத்தாவின் பேரனுக்கு, அது எளிதில் செரிக்காது. அவருக்கு எல்லா எழுத்தும் பணிக்கரின் எழுத்தாகத்தான் தெரிந்திருக்கும். அதை அவர் கலை என்று எண்ணியிருக்க மாட்டார். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கட்டைவிரலை மையில் தோய்த்தவர் அவர். இந்தக் கோணத்தை எவரும் தொடவில்லை. பழைய மாணவர் நேரம் கிடைக்கும்போது எழுத வேண்டும்.

மகள் இம்முறை நோட்டும் பென்சிலும் கொண்டுவந்திருந்தாள். படத்தைப் பார்த்து எழுதுகிறாள் என்று நினைத்தேன். அருகில் போய்ப் பார்த்தால், ஒரு பக்கம் முழுக்கத் தானே உண்டாக்கிய எழுத்துகளை நிரப்பியிருந்தாள். பேருந்தில் அதை என்னிடம் நீட்டி, பிழை இருந்தால் திருத்தித் தரச் சொன்னாள். ஏழாவது வரியில் ஓரெழுத்து மற்றவற்றோடு சேராமல் நின்றது. அதைச் சொன்னேன். அவள் சற்று நேரம் பார்த்துவிட்டு, ஆமாம் என்று அழித்து எழுதினாள். பொருளே இல்லாத பக்கத்தில் எனக்கு எப்படிப் பிழை தெரிந்தது என்று தெரியவில்லை.

பழைய மாணவர் எழுதியது:

தங்கள் தாத்தாவைப் பற்றிய கேள்விக்கு என்னிடம் இப்போது விடை இல்லை; யோசித்து எழுதுகிறேன். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து இங்கே இணைக்க இயலுமா?

மெய்ப்புக்காரர் எழுதியது:

கேட்டேன். இன்னும் முடியவில்லையாம், தர மாட்டேன் என்கிறாள்.